கோமோ ஏரியும் பட்டுப் பெண்களும்

சென்ற வாரம் மிலான் நகரத்தைச் சுற்றிச் சுற்றி உங்களுக்கும் கால் வலித்திருக்கும். இந்த வாரம் ஒரு ஏரிக்கரையில் சற்று உட்கார்ந்து இளைப்பாறலாம், வாருங்கள்.

மிலான் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து வரேன்னா என்ற சிற்றூருக்கு ரெயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிரயாணம். போகிறவர்களுக்கு ஒரு யோசனை: இடது பக்கத்து ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்து கொள்ளுங்கள். லெக்கோ தாண்டியதும் ரெயில் தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது. குகைக்குள் நுழைகிறது, இருட்டு. வெளியே வருகிறது, நீல ஏரி, எதிர்க் கரையில் மலை, மலையடியில் ஒரு மணிக்கூண்டு. நன்றாகப் பார்ப்பதற்குள் மறுபடியும் குகை! நாடகத்தில் காட்சிக்குக் காட்சி திரை விழுமே, அந்த மாதிரிதான்.

கோமோ ஏரியின் பரப்பு 146 சதுர கிலோமீட்டர். ஆழமோ 400 மீட்டருக்கும் மேல். கவட்டைக் கொம்பைத் தலைகீழாகப் பிடித்தாற்போல் இருக்கிறது அதன் உருவம். ஒரு கவட்டின் நுனியில் கோமோ நகரம். மற்றதன் நுனியில் லெக்கோ. இரண்டும் பிரிகிற இடத்தில் பெல்லாஜியோ. இந்த ஏரியில் காற்றுக்குக் கூடப் பெயர் உண்டு. காலையில் வடக்கிலிருந்து வருவது திவானோ. பிற்பகலில் தெற்கிலிருந்து வருவது ப்ரேவா. பாய்மரப் படகுக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் இவைதான் டைம் டேபிள்.

வரேன்னாவைப் படகிலிருந்து பார்த்தபோது எனக்கு நவராத்திரிக் கொலுதான் ஞாபகம் வந்தது. மஞ்சள், இளஞ்சிவப்பு, செங்கல் நிறம் என்று வீடுகள் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கின்றன. ஊருக்கு அருகே பியூமெலாத்தே என்று ஓர் ஆறு ஓடுகிறது. "பால் ஆறு" என்று அர்த்தம். பாறையிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரைத்துக் கொண்டு இறங்குகிறது. மொத்த நீளம் சுமார் 250 மீட்டர்தான்! பிறந்த வீட்டிலிருந்து புக்ககத்துக்கு அடுத்த தெருவுக்குப் போன பெண் மாதிரி, பிறந்த கையோடு ஏரியில் போய்ச் சேர்ந்து விடுகிறது.

லாஞ்சில் ஏறினால் கால் மணி நேரத்தில் பெல்லாஜியோ. தெருக்கள் எல்லாம் படிக்கட்டுகள். படிக்கட்டின் இரு பக்கமும் பட்டுக் கடைகள். கழுத்தில் கட்டிக் கொள்ளும் பட்டுத் துணிகள் வாசலில் காற்றில் ஆடுகின்றன. ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினாள் கடைப் பெண். ஏரியின் நீலம் அப்படியே அதில் இருந்தது. விலையைப் பார்த்தேன், மெதுவாக மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"புழு எங்கே வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"புழுவா? இப்போது நூல் சீனாவிலிருந்து வருகிறது. சாயமும் அச்சும் மெருகும் எங்கள் வேலை" என்றாள் சிரித்துக் கொண்டே.

கோமோ என்றால் பட்டு, பட்டு என்றால் கோமோ என்று ஐரோப்பா முழுவதும் பேர். ஆனால் புழு இல்லை! இது என்ன கதை என்று அறிந்து கொள்ள மறுநாள் கோமோ நகரத்துப் பட்டுப் பொருட்காட்சி சாலைக்குப் போனேன். அங்கே பழைய இயந்திரங்களையும் கொப்பரைகளையும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கதை அவற்றின் மூலம் தெரிகிறது.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பட்டுப் புழு வளர்த்தார்கள். அது பெண்களின் பொறுப்பு. வசந்த காலத்தில் புழு முட்டைகளைச் சிறு துணிப் பையில் போட்டு, ரவிக்கைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக் கொள்வார்களாம். தாயின் உடம்புச் சூட்டில் முட்டை பொரிய வேண்டும்! பொரிந்த பிறகோ வீட்டில் நல்ல அறை புழுக்களுக்குத்தான். மனிதர்கள் மூலையில் ஒண்டிக் கொள்வார்கள். சுமார் ஒரு மாதம், இரவென்றும் பகலென்றும் பாராமல் மல்பெரி இலை போட வேண்டும். கடைசி நாட்களில் ஆயிரக் கணக்கான புழுக்கள் இலையைத் தின்னும் சப்தம் ஓட்டின் மேல் மழை பெய்வது போல் கேட்குமாம். கைக்குழந்தையைக் கூட இவ்வளவு கண் விழித்துப் பார்த்துக் கொள்வார்களோ, என்னவோ! கூடு விற்ற பணத்தில் நிலக்காரர் பங்கு போக மிஞ்சியதில்தான் கடனை அடைக்க வேண்டும், பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும்.

கூடுகள் அடுத்தபடியாக நூல் எடுக்கும் ஆலைக்குப் போகும். கூடவே வீட்டுப் பெண்களும் போவார்கள். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் உட்பட. கொதிக்கிற தண்ணீரில் கூடுகள் மிதக்கும். பசை இளகியதும் இழையின் நுனியைத் தேடிப் பிடித்து, பல கூடுகளின் இழைகளை ஒன்று சேர்த்து நூலாக்க வேண்டும். ஒரு கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை இழை வரும். அது அறுந்து போகக் கூடாதே என்று ஜன்னல்களை மூடி விடுவார்கள். உள்ளே ஆவி, வெந்த புழுவின் நாற்றம். நாள் முழுதும் வெந்நீரில் ஊறி விரல்கள் வெடித்துப் போகும். தூக்கம் வராமலிருக்கவும் வலியை மறக்கவும் எல்லோரும் சேர்ந்து பாடுவார்களாம்.

1902-ஆம் வருஷம் இத்தாலியில் ஒரு சட்டம் வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. பெண்களுக்குத் தினம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பிரசவத்துக்குப் பிறகு நான்கு வாரம் ஓய்வு. பன்னிரண்டு மணி நேரம் என்பதே அன்றைக்கு ஒரு சலுகையென்றால், அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளுங்கள். சட்டத்தைக் கொண்டு வந்த மந்திரி பாவ்லோ கார்கானோ கோமோவில் பிறந்தவர். பொருட்காட்சி சாலைக்குப் பக்கத்திலேயே 1868-ல் ஆரம்பித்த பட்டுத் தொழில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதற்கு இன்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தம்!

பிற்பாடு ஜப்பான் பட்டு போட்டிக்கு வந்தது. செயற்கைப் பட்டும் நைலானும் வந்தன. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் பெண்களுக்கு வேறு வேலைகள் கிடைத்தன. புழு அறைகளை மனிதர்கள் திரும்பப் பெற்றார்கள். மல்பெரித் தோப்புகள் மறைந்தன.

இரவு சாப்பாட்டுக்குப் பொலெந்தா கொடுத்தார்கள். வேறொன்றுமில்லை, நம் ஊர்க் களியேதான். சோள மாவில் கிளறியது. பரிமாறிய அம்மாளிடம் பட்டுக் கதையைச் சொன்னேன். அவர் தம் பாட்டியும் ஆலையில் நூல் எடுத்தவர் என்றார்.

"பட்டு உடுத்தினாரா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் கூட இல்லை" என்றார் அந்த அம்மாள். என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி களி வைத்தார்.

கோமோவின் பங்களாக்களையும் பூந்தோட்டங்களையும் படம் பிடிக்காதவர்கள் கிடையாது. நீங்கள் அங்கே போனால் அவற்றை அவசியம் பாருங்கள். அந்தக் கொப்பரைகளையும் பத்து நிமிஷம் நின்று பார்த்து விட்டு வாருங்கள்.

அடுத்த வாரம், தெருவெல்லாம் தண்ணீராய் இருக்கும் வெனிஸ் நகரம்.