தாமதத்துக்கு ஆயத்தமில்லாத சபை

பத்துக் கன்னிகைகளின் உவமையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகளுக்கு வெள்ளை உடை உடுத்தி நடிக்க வைத்திருக்கிறோம். வாட்ச் நைட் ஆராதனையில் இதன்மேல் பிரசங்கம் கேட்டு, வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பியிருக்கிறோம். ஆனால் புத்தியில்லாத ஐவரின் இடத்தில் நம்மை நிறுத்திப் பார்த்ததே இல்லை. அந்த இடத்தைக் கோயிலுக்கு வராதவர்களுக்கும் மற்ற சபைக்காரர்களுக்கும் ஒதுக்கிவிட்டோம். நம் அலட்சியத்தை அறிக்கையிடத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அந்த ஐவரை மறுபடி பார்ப்போம். அவர்கள் அந்நியர்கள் அல்ல. கையில் தீவட்டி இருந்தது. மணவாளனை எதிர்கொள்ள மற்ற ஐவரோடு சேர்ந்தே புறப்பட்டார்கள். அடைபட்ட கதவுக்கு வெளியே நின்றபோதும் அவரை ஆண்டவரே என்றுதான் கூப்பிட்டார்கள். தூங்கியதைக் குற்றமாகச் சொல்லவும் வழியில்லை, புத்தியுள்ளவர்களும் தூங்கினார்கள். இரண்டு கூட்டத்தாரையும் பிரித்தது பாத்திரத்தில் கூடுதலாக எடுத்துவந்த எண்ணெய்தான். மணவாளன் சீக்கிரம் வந்துவிடுவார் என்று நினைத்தவர்களுக்கு அது தேவையாகப் படவில்லை. அவரோ தாமதித்தார்.

இதற்குச் சற்று முன், 24ஆம் அதிகாரத்தின் முடிவில், இயேசு ஓர் ஊழியக்காரனைப் பற்றிப் பேசுகிறார். எஜமான் வர நாளாகும் என்று எண்ணி, உடன் வேலைக்காரரை அடித்து, வெறியரோடு சேர்ந்து புசித்துக் குடித்தவன் அவன். வருகை தூரத்தில் இருக்கிறது என்று நினைத்து அவன் கெட்டான். பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்து இந்தக் கன்னிகைகள் ஏமாந்தார்கள். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகே மத்தேயு நற்செய்தி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இயேசுவை நேரில் கண்ட தலைமுறை மறைந்துகொண்டிருந்த காலம் அது. தாமதத்தை அன்றாடம் அனுபவித்த அந்தச் சபைக்கு இரண்டு எச்சரிப்பும் சேர்த்தே கொடுக்கப்பட்டன.

நாமோ இரண்டு தவறையும் சேர்த்தே செய்கிறோம். மேடையில் நின்றால் ஆண்டவர் வாசலுக்கே வந்துவிட்டார் என்கிறோம். கமிட்டி அறையில் அவர் வரவே போவதில்லை என்பதுபோல் நடந்துகொள்கிறோம். சபைத் தேர்தலுக்கு அணி பிரிக்கிறோம்; சொத்துக்காக நீதிமன்றப் படி ஏறுகிறோம்; காணிக்கைக் கணக்கைக் கேட்டால் கோபப்படுகிறோம்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பாப்டிஸ்டுப் பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள், 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தார்கள். அவர்களுடைய பத்திரிகைகளில் ஒன்றின் பெயரே இந்த உவமையில் வரும் நள்ளிரவுச் சத்தம்தான். முந்தைய கணக்கு பொய்த்தபோது, அதுவே உவமை சொல்லும் தாமதம் என்று விளக்கிப் புதிய நாளை நம்பினார்கள். அந்த நாளும் வந்து போனது; ஏமாற்றத்தில் இயக்கம் சிதறியது. நாம் தேதி குறிக்கவில்லை என்பதால் தப்பித்துக்கொண்டதாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு போருக்கும் நிலநடுக்கத்துக்கும் கடைசிக்கால வரைபடத்தை விரித்து, மக்களைப் பயமுறுத்தி, கூட்டம் கலைந்ததும் அவர்களை அவரவர் பாட்டுக்கு விட்டுவிடுகிறோம். ஒரே இரவில் உணர்ச்சியை மூட்டிவிட நமக்குத் தெரியும். நெடுங்காலம் காத்திருக்க ஒருவரைப் பழக்க வேண்டும் என்றால் அவரோடு கூடவே இருக்க வேண்டும். அதை நாம் செய்யவில்லை.

எண்ணெய் எதைக் குறிக்கிறது என்று இயேசு சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தம், அது ஏழைகளுக்குக் காட்டும் இரக்கம் என்றார். எண்ணெய் விற்கிறவர்கள் அந்த ஏழைகளே என்றும் சொன்னார். அகுஸ்தீன் அதை அன்பு என்று விளக்கினார். 25ஆம் அதிகாரத்தின் முடிவும் இவர்கள் பக்கமே நிற்கிறது. அங்கே நியாயாதிபதி கேட்பதெல்லாம் பசித்தவரையும் தாகமுள்ளவரையும், அந்நியரையும் உடுப்பில்லாதவரையும், நோயாளியையும் சிறையிலிருப்பவரையும் பற்றித்தான். நாம் இந்த அதிகாரத்தைத் துண்டாக்கினோம். கன்னிகைகளை எழுப்புதல் கூட்டத்துக்கும், பசித்தவரை நன்கொடை சேர்க்கும் ஞாயிறுக்கும் கொடுத்துவிட்டோம்.

அதன் விளைவு நம் நடுவில் கண்ணெதிரே இருக்கிறது. ஒரே பந்தியில் திருவிருந்து எடுக்கிற நாம், கல்யாணப் பேச்சு வந்தால் சாதி விசாரிக்கிறோம். செத்த பிறகும் பிரிந்தே கிடக்க வேண்டும் என்று கல்லறைத் தோட்டத்தைப் பங்கு போட்டிருக்கிறோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. நாம் எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவர்களானாலும் அந்த வாக்குமூலம் நமக்கும் உரியது. ஏழைப் பிள்ளைகளுக்காக மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகள் சிலவற்றில், இன்று பணம் இல்லாதவரின் பிள்ளைக்கு இடம் இல்லை என்று சொல்லப்படும்போது நாம் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் நம்மேல் குற்றம் இருக்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடம் செய்ய வைத்தோம். புது உடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம். அத்தோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். பட்டணத்துக்குப் போய்ப் பத்து கேள்விகளோடு திரும்பியவர்களிடம் உட்கார்ந்து பேசாமல், பின்மாற்றம் என்று பேர் சூட்டினோம்.

புத்தியில்லாதவர்கள் கேட்டும் எண்ணெயைப் பகிர மறுத்த புத்தியுள்ள ஐவர் கல்நெஞ்சக்காரர்கள் என்று நமக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. ஆனால் சின்னச் சின்ன வருத்தங்களை வருஷக்கணக்கில் மன்னித்துப் பழகாதவருக்குப் பெரிய துரோகம் நேர்ந்தால், அந்த நேரத்தில் மன்னிக்கும் மனதை யார் கடன் கொடுக்க முடியும்? நாம் இன்னும் கடன்தான் கேட்கிறோம். 'ஐயா, ஜெபத்துல நினைச்சுக்கோங்க' என்று போதகரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் குடும்ப ஜெபத்தைக் கைவிட்டோம். தாத்தா உபதேசியாராக இருந்தார் என்று பெருமை பேசுகிறோம். அவர் கால்நடையாகப் போய்ச் சந்தித்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை நாம் தெருவில் பார்த்தாலும் அறிய மாட்டோம்.

இரட்சிப்பு கிருபையால் வருவது. நற்செயலால் வாங்க முடியாது. அழைப்பு இலவசமாகத்தான் பத்துப் பேருக்கும் கிடைத்தது. ஆனாலும் கதவுக்கு உள்ளிருந்து வந்த பதில், உங்களை எனக்குத் தெரியாது என்பதே. அவர் நம்மை எங்கே அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அதே அதிகாரம் பதில் தருகிறது: பசித்தவர் வாசலில், நோயாளியின் கட்டிலருகில், சிறைக் கம்பிக்கு முன்னால். அந்த இடங்களுக்கு நாம் போகவில்லை.

ஆகவே இந்த அறிக்கை கண்ணீரோடு முடிந்துபோகக் கூடாது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் முதல் பொருளாகக் கல்லறைத் தோட்டத்துப் பிரிவினையை வைப்போம். காணிக்கைக் கணக்கைச் சபையார் எல்லாரும் படிக்க ஒட்டுவோம். நம் பள்ளியில் இடம் கிடைக்காமல் திரும்பிய குடும்பத்தைத் தேடிப் போவோம். திடப்படுத்தல் பெற்ற ஒவ்வொரு பிள்ளையோடும் கூட நடக்க ஒரு பெரியவரை நியமிப்போம். ஆண்டவர் தாமதிப்பது நம்மேல் பொறுமையாக இருப்பதால் என்று பேதுருவின் இரண்டாம் நிருபம் சொல்கிறது. அந்தப் பொறுமையை இத்தனை காலம் வீணாக்கியது நாம்தான். இனி மீதியிருப்பதையாவது இந்த வேலைகளுக்குக் கொடுப்போம்.