கூரையின் துரு யாருடையது?

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் கண்காட்சி நடைபெறுமாயின் அங்கே 'தோட்ட மாதிரி' ஒன்று தவறாது இடம்பெறும். மணிலா அட்டையால் லயங்கள், தீக்குச்சிகளால் வேலி, பச்சை வண்ணம் ஏற்றிய மரத்தூளால் புல்தரை, ஒரு மூலையில் மாரியம்மன் கோயில், மறுமூலையில் துரை பங்களா. மஞ்சள் சுவர், சிவப்புக் கூரை, நீலக் கதவு. எல்லாம் பளபளக்கும். பெற்றோர் வியப்பர், நடுவர் தூய்மைக்கெனத் தனிப்புள்ளி வழங்குவர். அந்த மேசைமுன் வந்து நிற்கும் மூதாட்டி ஒருத்தி சற்றுநேரம் உற்றுநோக்கிவிட்டு, "இது எந்தத் தோட்டம்ப்பா?" என்று கேட்பாளாயின், அவளுக்கு என்ன விடை கூறுவது? அத்தகைய தோட்டம் எங்கும் இருந்ததில்லை என்பதே உண்மையான விடை.

சிற்றுரு சமைத்தல் சிறுவர் விளையாட்டன்று. மறைந்துபோன ஒன்றுக்குச் சில வேளைகளில் அதுவே எஞ்சிய சான்றாகிவிடும். பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1917ஆம் ஆண்டில் ஹென்ரி ஃபொக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது இங்குள்ள தென்னமாரத்தில்தான். (செம்பனையின் தொட்டிலுக்குத் தென்னையின் பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை.) மலாயாத் தோட்ட வாழ்வை நாவலாக்கி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் அவர் பெற்றார். துரையின் தோட்டம் இலக்கியமாயிற்று. தொழிலாளியின் லயம் என்னவாயிற்று? புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்டனர் என்று நீளும் இவ்வட்டாரப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் நிரைநிரையாய் நின்ற லயங்களின் பெயர்கள். அவற்றுள் பல இடிந்தன. பல ஆளற்றுப் போயின. ஊரின் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாற்றப்பட்டுவிட்டது. பழைய பெயர் நாகரிகமாக ஒலிக்கவில்லையாம்! பெயருக்கும் வண்ணம் பூசும் காலம் இது.

மேலைநாடுகளில் மாதிரி இருப்புப்பாதை அமைப்போர் இதனை எப்போதோ உணர்ந்துவிட்டனர். 87இல் ஒரு பங்காகவும் 76இல் ஒரு பங்காகவும் சுருக்கிய நிலையங்களையும் சரக்குக் கொட்டகைகளையும் சமைப்பவர்கள் அவர்கள். தொடக்கத்தில் அவர்தம் படைப்புகளும் கடைப்பொம்மைகளாய் மினுங்கியவையே. அமெரிக்காவின் மாண்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் என்னும் நிழற்படக் கலைஞர், தாம் அமைத்த பாதையில் சுவர்களுக்கு வெயிலையும் பெட்டிகளுக்குப் புழுதியையும் தகரங்களுக்குத் துருவையும் ஏற்றிக் காட்டி அவ்வழக்கத்தை மாற்றியோருள் முதன்மையானவர். 1973இல் அவர் மறைந்த சில நாள்களில் அப்படைப்பைத் தீ தின்றது. எஞ்சிய படங்களைப் பார்த்தே உலகம் பாடம் கற்றது. இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்டு என்னும் இளைஞர், ஒரு பள்ளத்தாக்கின் வைக்கோல் வேய்ந்த குடில்கள் உருமாறி வருவதைக் கண்டு வருந்தினார். மறைவதற்குள் அவற்றைச் சிற்றுருவாகவேனும் காக்க உறுதி பூண்டார். அவர் முயற்சியால் 1954இல் எழுந்ததே பெண்டன் அருங்காட்சியகம். அங்கே எந்தக் குடிலும் கற்பனையன்று. அளந்து, படமெடுத்து, கறையையும் கணக்கிற்கொண்டு சமைத்தவை. ஆங்கிலக் குடியானவனின் குடிலுக்கு அந்த மதிப்பு உண்டென்றால், பால்மரம் சீவிய தமிழனின் பத்துக் காம்பராவிற்கு ஏன் இல்லை?

கறை என்பது எழுத்து. அதனைப் படிக்கக் கற்க வேண்டும். முதலிற் கூரை. துத்தநாகம் பூசிய நெளிதகரம் எல்லா இடத்திலும் ஒருசேரத் துருப்பிடிப்பதில்லை. ஆணி இறங்கிய துளையிலும், தகரத்தின்மேல் தகரம் ஏறிய விளிம்பிலும் துரு முதலிற் பிறக்கும். பிறகு மழைநீர் செல்லும் நெளிவின் வழியே இறவாரம் நோக்கி இறங்கும். சிற்றுருவில் இதனைக் காட்டப் பெரும்பொருள் வேண்டா. நெளியட்டையின்மேல் அழுத்திய அலுமினியத் தாள், நீரிற் கரைத்த செம்பழுப்பு வண்ணம், மெல்லிய தூரிகை, பொறுமை ஆகியவை போதும். ஆனால் தூரிகை கீழ்நோக்கியே இயங்கவேண்டும். குறுக்கே இழுத்த துரு பொய்த்துரு. பழுப்பேறிய கூரை நடுவே ஒரே ஒரு தகரம் வெளுத்திருக்குமாயின், அது மாற்றப்பட்ட தகரம். எத்தனை முறை கிராணியிடம் சொல்லிய பின் அது மாறிற்று என்பதை அவ்வீட்டார் அறிவர்.

அடுத்துச் சுவரின் அடிப்பாகம். இறவாரத்து நீரை ஏந்தும் தகரக்கால்வாய் இல்லாத லயத்தில், வழியும் நீர் மண்ணில் விழுந்து தெறித்துப் பலகைச் சுவரில் பட்டை கட்டும். கால்வாய் இருந்த வீட்டில் அப்பட்டை இராது. அது உடைந்த இடத்தில் மட்டும் பாசி பச்சையாய் ஒழுகும். அம்மண்ணின் நிறமும் யாண்டும் ஒன்றன்று. மேட்டுநிலத் தோட்டத்தில் செம்மண். கடலோரத் தாழ்நிலத்தில் சாம்பல்நிறச் சேறு. ராஜா மூசாப் பக்கம் கரிய சதுப்பு மண். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே செந்தூளைத் தூவுகின்றவன் எந்தத் தோட்டத்தையும் பார்த்தவனல்லன்.

புகைக்கூடத்தின் மேற்றிறப்பைச் சுற்றி இரப்பர்விறகுப் புகையின் கருமை. பாலை உறையவைக்கும் கொட்டகையில் அமிலம் அரித்த சிமெண்டுத் தரை. வெள்ளையாய் விழுந்து பழுப்பாய்க் காய்ந்த பால்சொட்டுகள். செம்பனை ஆலையிலோ தண்டவாளமே உண்டு. குலைகளை நிரப்பிய இரும்புக் கூண்டுகள் அதன்மேல் உருண்டு ஆவிக்கலனுள் நுழையும். சக்கரம் தேய்க்கும் தலைப்பகுதி வெள்ளியாய் மின்ன, பக்கங்களில் எண்ணெய்ப்பிசுக்கும் கரியும் அப்பியிருக்கும். சக்கரம் ஓடாத தண்டவாளமோ தலையிலும் துருவேறும். நிலக்கரிச் சுரங்கம் 1960இல் மூடப்பட்ட அண்டை ஊராகிய பத்து ஆராங்கைச் சமைப்பவன், எந்த ஆண்டைச் சமைக்கிறான் என்பதைத் தண்டவாளத்தின் தலையிலேயே காட்டிவிடலாம். பெயர்ப்பலகையும் வேண்டா.

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்புரை எழும். "தமிழர் அழுக்கிலே வாழ்ந்தனர் என்று ஊருக்குக் காட்டவேண்டுமா? பிள்ளைகள் தாழ்வுணர்ச்சி கொள்ளாரா?" என்பர். நல்லெண்ணத்தில் எழும் கேள்வியே. எனினும் அடிப்படையிற் பிழையானது. லயத்து வாசலை நினைவிருப்பவர் சொல்லட்டும். விடிவதற்குமுன் பெருக்கித் தெளித்த மண், கோலம், சாம்பலிட்டுத் துலக்கிய செம்பு, தீபாவளிக்குமுன் உட்சுவருக்கு அடித்த சுண்ணாம்பு. இவற்றில் அழுக்கு எங்கே இருந்தது? துரு இருந்தது கூரையில். ஓட்டை இருந்தது கால்வாயில். தேங்கல் இருந்தது சாக்கடையில். வாசல் குடியிருந்தவளின் பொறுப்பு. கூரை நிருவாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டுமென 1966இலும் மீண்டும் 1990இலும் சட்டம் செய்ய நேர்ந்ததே, அப்பொறுப்பு எப்படிப் பேணப்பட்டது என்பதைக் காட்டும். ஆகவே உண்மையான சிற்றுருவில் கூரை துருவேறியிருக்கும், வாசல் துப்புரவாயிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் யாருக்கு மானக்கேடு என்பது தானே விளங்கும். எல்லாவற்றையும் பளபளப்பாக்குபவர், தமிழரின் மானத்தைக் காப்பதாக எண்ணித் துரையின் மானத்தைக் காக்கின்றனர். ஆண்டுதோறும் வெள்ளை கண்ட பங்களாவும், வெள்ளையைக் கண்டறியாத வெளிச்சுவரும் ஒரே குப்பியின் வண்ணத்தால் சமமாகிவிடுகின்றன. உழைத்தவர்க்கு வாழ்வில் கிட்டாத சமத்துவம் அட்டையிற் கிட்டி யாது பயன்?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அண்மைக்காலத்தில் சிலர் 'பழமை' என்ற பெயரால் கண்ட இடமெல்லாம் துருவையும் கரியையும் அப்பிவிடுகின்றனர். வறுமை அங்கே அலங்காரமாகிறது. காரணம் கூற இயலாத கறை எதுவும் சிற்றுருவில் இடம்பெறலாகாது. கோயிற் படியில் ஏன் பாசி? ஆயாக்கொட்டகைச் சுவரில் இடுப்பளவுக்குக் கீழே மட்டும் ஏன் மினுமினுப்பு? தொட்டிற் பிள்ளைகளும் தவழும் பிள்ளைகளும் கைவைத்துத் தேய்த்த இடம் அது என்று சொல்லத் தெரிந்தவனுக்கே அதனை வரையும் உரிமை உண்டு.

துடைக்கப்பட்ட இரும்பு எவ்வளவு தேர்ந்து பொய்யுரைக்கும் என்பதற்குச் சிற்றுருவன்று, பேருருவே சான்றாக நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1942 - 43இல் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அப்பாதையில் மாண்டவர் எத்தனையோ பேர். திரும்பாத ஆடவர்க்காகக் காத்திருந்த லயங்கள் எத்தனையோ. அப்பாதையின் திறப்புவிழாவில் ஓடிய சி 56 வகையின் 31ஆம் எண் நீராவி எந்திரம் 1979இல் ஜப்பானுக்கு மீண்டது. இன்று அது தோக்கியோவின் யசுக்குனி ஆலயத்தைச் சார்ந்த யூஷுக்கான் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், கருவண்ணம் மின்ன, கறையேதுமின்றி நிற்கிறது. காட்டின் சேறும் இல்லை, விறகுப்புகையும் இல்லை, அருகே நின்றவரின் சுவடும் இல்லை. அதனைக் கண்டு சினங்கொள்ளும் தமிழர், தம் பள்ளிமேசையில் லயத்துக் கூரைக்குச் சிவப்பு வண்ணம் பூசும்போது மட்டும் ஏன் மகிழவேண்டும்?

நடுவர்களின் புள்ளித்தாளிலிருந்து தூய்மை என்ற வரியை நீக்கிவிட்டு, காரணம் என்ற வரியைச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு கறைக்கும் மாணவன் காரணம் கூறட்டும். அக்காரணத்தை அவன் யாரிடம் கேட்டறிந்தான் என்பதையும் கூறட்டும். கடையிற் கிடைக்கும் வண்ணத்தைவிட, அந்தந்தத் தோட்டத்து மண்ணைத் துணியிற் சலித்தெடுத்த தூள் சிறந்தது, செலவுமில்லை. நின்றுகொண்டிருக்கும் லயம் ஏதேனும் எஞ்சியிருப்பின், இடிப்பதற்குமுன் பிள்ளைகளை அழைத்துச் சென்று அளவெடுக்கச் செய்யலாம். இடிந்துவிட்டிருப்பின் கேட்கத்தான் வேண்டும். அடுப்புக்குமேல் கரி எவ்வளவு உயரம் படிந்திருந்தது என்று பேரன் கேட்டால், பாட்டி எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டுவாள். அவ்வுயரத்தை அளந்து 76ஆல் வகுப்பது பள்ளியின் வேலை.