சாலினோவின் கேசட்டுகளும் மெக்சிகோவின் தடைகளும்

2025 ஏப்ரலில் மெக்சிகோ நகருக்கு அருகே டெஸ்கோகோ குதிரைத் திருவிழாவில் மேடையேறிய லூயிஸ் ஆர். கொன்ரிகெஸ் என்ற பாடகர், போதைக் கடத்தல்காரர்களைப் பற்றிய பாட்டுகளைத் தடை காரணமாக அன்று பாடப்போவதில்லை என்று அறிவித்தார். கூட்டம் மேடையைச் சூறையாடியது, வாத்தியங்கள் நொறுங்கின. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் குவாதலஹாரா பகுதியில் ஓர் இசைக்குழுவின் கச்சேரியில், அப்போது தேடப்பட்டுவந்த கடத்தல் தலைவன் ஒருவனின் படம் பெரிய திரையில் காட்டப்பட்டது. அந்த இசைக்குழுவினரின் விசாக்களை அமெரிக்கா ரத்து செய்தது. இந்த வகைப் பாட்டுகளை மெக்சிகோவின் பல மாநிலங்களும் நகராட்சிகளும் தடுத்துவருகின்றன. அதிபர் கிளாடியா ஷெயின்பாம், தடையைவிட வேறு பொருள் பாடும் இளைஞர்களை ஊக்குவிப்பதே மேல் என்கிறார். அவர் சொல்வதே சரி. தடை ஏன் பயன்படாது என்பதற்கு, அந்த நாட்டிலேயே பிறந்த ஒரு பாடகரின் வாழ்க்கையைவிடப் பெரிய சான்று இல்லை.

சாலினோ சாஞ்செஸ் 1960இல் சினலோவா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அக்காவைச் சீரழித்தவனைப் பதின்ம வயதிலேயே சுட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஓடினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. 1984இல் அவருடைய அண்ணன் அர்மாண்டோ டிஹுவானாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாலினோ எழுதிய முதல் கதைப்பாடல் அந்த அண்ணனைப் பற்றியது. மெக்சிகோவில் இவ்வகைப் பாட்டுக்குக் கொரிதோ என்று பெயர். புரட்சிக் காலத்திலும் அதற்கு முன்பும் போர், கொலை, குதிரை, காதல் எல்லாம் இதில்தான் ஊர் ஊராகப் பரவின. பிறகு சாலினோ டிஹுவானா சிறையில் இருந்தபோது, கூட இருந்த கைதிகள் தங்கள் கதையைப் பாட்டாக்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள். வெளியே வந்த பிறகு இதுவே தொழிலாயிற்று. பெயர், ஊர், யார் யாரைச் சுட்டார், எந்தத் துப்பாக்கி என்று விவரம் சொல்லிப் பணம் கொடுத்தால் அவர் பாட்டு எழுதித் தருவார். கேட்டவர்கள் எல்லோரும் கடத்தல் தலைவர்கள் அல்லர். மலையூரை விட்டு வந்து அமெரிக்காவில் கூலி வேலை பார்த்தவர்கள், செத்துப்போன தம்பிக்கோ அப்பாவுக்கோ ஒரு பாட்டு வேண்டும் என்று வந்தார்கள். நினைவுக்கல் நாட்ட முடியாதவர்களுக்கு அந்த கேசட்தான் நினைவுக்கல்.

தடை போடுகிறவர்கள் உற்றுக் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த கட்டம். மூக்கால் பாடும், பயிற்சியில்லாத அந்தக் குரலை எந்த வானொலியும் ஒலிபரப்பவில்லை. பெரிய இசை நிறுவனம் எதுவும் சீண்டவில்லை. சாலினோ தன் கேசட்டுகளைக் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு சந்தைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் கார் கழுவும் இடங்களிலும் விற்றார். அப்படியே லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிகோக்காரர்களிடையே அவரை அறியாதவர் இல்லை என்றானது. 1992 ஜனவரியில் கலிபோர்னியாவின் கோச்செல்லாவில் பாடிக்கொண்டிருந்தபோது ஒருவன் மேடையேறி அவரைச் சுட்டான். சாலினோவும் இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார். அந்தச் செய்திக்குப் பிறகுதான் வானொலி நிலையங்கள் அவர் பக்கம் திரும்பின. அவர்கள் எடுத்துப் போட்டது ‘நியேவெஸ் தே எனெரோ’ என்ற காதல் பாட்டு. வானொலியின் தயவே இல்லாமல் கைக்குக் கை பரவிய இசையை, கைபேசியில் எல்லாம் கிடைக்கும் இந்தக் காலத்தில் மேடைத் தடையால் எப்படி நிறுத்துவது? 2011இல் சினலோவா ஆளுநர், இந்தப் பாட்டுகளை ஒலிக்கவிடும் மதுக்கூடங்களின் உரிமத்தைப் பறிப்போம் என்று ஆணையிட்டார். 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட காலத்தில் பாட்டு எங்கும் போய்விடவில்லை.

இப்பாட்டுகள் கொலைகாரனை நாயகனாக்குகின்றன என்கிறார்கள். பல பாட்டுகள் ஆக்குகின்றன. அதை மறைப்பதில் நியாயமில்லை. சாலினோ இறந்த பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் அவரைப் போலவே தொப்பியைச் சாய்த்து வைத்து, மூக்கால் பாடத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களில் பலர், அதுவரை பெற்றோரின் இசையைப் பட்டிக்காட்டு இசை என்று ஒதுக்கி வைத்திருந்த, அமெரிக்காவிலேயே வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் எடுத்துக்கொண்டது துப்பாக்கியை மட்டுமல்ல, தாய்மொழியையும் சேர்த்துத்தான். இதைவிடக் கனமான மறுப்பு பணத்தைப் பற்றியது. காசு கொடுத்து எழுதவைத்த பாட்டு, கடத்தல்காரனுக்கு விளம்பரம்தானே? ஆம், சில சமயம் அப்பட்டமான விளம்பரம்தான். உயிரோடிருக்கும் கொலைகாரனின் முகத்தைத் திரையில் காட்டிக் கைதட்டல் வாங்குவதை நான் கலை என்று ஏற்கமாட்டேன். அங்கேயும் சட்டம் பிடிக்க வேண்டியது பணத்தை. கச்சேரிக்கும் தனி விருந்துக்கும் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கைத் தோண்டினால், பாடகனைத் தாண்டிப் பாடச் சொன்னவனிடம் போய்ச் சேரலாம். பாடியவருக்கு அபராதம் போட்டால் நகராட்சிக்கு வரவு; கடத்தல்காரனுக்கு ஒரு நட்டமும் இல்லை. பாடகர்களின் உயிரைக் காக்கவே தடை என்று சொல்வோரும் உண்டு. வாலண்டின் எலிசால்டே 2006இல் ரெய்னோசாவில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதால் அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் அவரைக் காப்பாற்றத் தவறியது பாட்டுச் சட்டம் அல்ல, கொலைச் சட்டம்.

1992 மே 15 இரவு குலியகானில் சாலினோ பாடிய கச்சேரியின் காணொளி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு அவர் கைக்கு வருகிறது. பிரித்துப் படிக்கிறார். முகம் மாறுகிறது; வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுகிறார். சீட்டில் என்ன இருந்தது என்பது வெளியே வரவில்லை. கச்சேரி முடிந்து போகும்போது அவர் காரை மறித்தவர்கள் போலீஸ் அடையாள அட்டையைக் காட்டி, அதிகாரி கூப்பிடுகிறார் என்று அழைத்துப்போனார்கள். மறுநாள் காலையில் ஊருக்கு வெளியே கால்வாய் ஓரத்தில், தலையில் இரண்டு குண்டுகளோடு உடல் கிடைத்தது. அந்த அட்டைகளைக் காட்டியவர்கள் எவரும் இன்றுவரை பிடிபடவில்லை.