கத்தி பிடித்தவன் எல்லாம் கொலைகாரனா?

சென்ற மே மாத விடுமுறைக்கு மதுரை வந்திருந்த என் பேரன், ஒரு ராத்திரி ‘ஸ்வீனி டாட்’ என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுப் பார்த்தான். டிம் பர்ட்டன் இயக்கத்தில் 2007-இல் வந்த படம். பழைய லண்டனில் ஒரு நாவிதன். முகம் மழிக்க வருகிறவர்களின் கழுத்தை அறுத்து, நாற்காலியைச் சாய்த்து நிலவறைக்குள் தள்ளிவிடுகிறான். கீழே கடை வைத்திருக்கும் அம்மாள் அந்த உடல்களைக் கைமா போட்டு, மாவுக்குள் வைத்து வேகவைத்து விற்கிறாள். ஊரே வரிசையில் நின்று வாங்கித் தின்கிறது. நானும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பாட்டும் நடிப்பும் நன்றாகத்தான் இருந்தன. அதை மறுக்கவில்லை.

மறுநாள் காலை என்னோடு சலூனுக்கு வந்தான். எங்கள் தெருமுனையில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர் அவர். என் மாமனார் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் வாரம் தவறாமல் வீட்டுக்கே வந்து சவரம் செய்துவிட்டுப் போனவர். அவர் எனக்கு மழித்துக்கொண்டிருக்கும்போது பேரன் செல்போனில் வீடியோ எடுத்து, ‘மதுரை ஸ்வீனி டாட்’ என்று தலைப்பும் போட்டு, அவரிடமே காட்டிச் சிரித்தான். கதையையும் சொன்னான்.

அவர் சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, “தம்பி, அத அழிச்சிருங்க. வெளையாட்டுக்குத்தான் எடுத்தீங்க, எனக்குத் தெரியும். ஆனா நாலு பேரு கண்ணுல பட்டுச்சுன்னா, நாளைக்கு இந்த நாற்காலியில வந்து எவன் கழுத்தக் காட்டுவான்?” என்றார்.

அழித்துவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில், “கதைதானே தாத்தா, இதுக்குப் போய் இவ்வளவு வருத்தப்படறாரே” என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவன் கேட்ட கேள்வி: “இது உண்மைக் கதையாமே?” இல்லை. 1846-47-இல் லண்டனில் ஒரு மலிவு வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. பிற்காலத்தில் சிலர் அவன் நிஜமாகவே வாழ்ந்தான், தூக்கிலிடப்பட்டான் என்று எழுதினார்கள். லண்டன் நீதிமன்றப் பதிவேடுகளில் அப்படி ஒரு வழக்கு கிடையாது. முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன்: அத்தனை கொலை செய்து தூக்கில் தொங்கியவனைப் பற்றி ஒரு காகிதம்கூட இல்லை என்றால், ஆளே இல்லை என்று அர்த்தம்.

இந்தக் கதை லண்டனுக்கே சொந்தமும் அல்ல. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒரு மழை நாளில் பாடத்தை மூடி வைத்துவிட்டு மர்முசே தெருக் கதையைச் சொன்னார். பாரிஸில் நோத்ருதாம் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த தெரு அது. அங்கே ஒரு நாவிதன், அவனுக்கு அடுத்த வீட்டில் ஒரு பலகாரக்காரன். நாவிதன் அறுப்பான், பலகாரக்காரன் மாவுக்குள் வைத்து விற்பான். செத்தவன் ஒருவனுடைய நாய் வாசலை விட்டு நகராமல் குரைத்ததால் குட்டு வெளிப்பட்டதாம். 1612-இல் பாரிஸ் நகரின் பழமை பற்றி எழுதிய துய் ப்ரேல் என்ற துறவியே இதை ‘நெடுங்காலமாகச் சொல்லப்படுவது’ என்றுதான் குறிப்பிடுகிறார். அவர் காலத்திலேயே அது வதந்தி. ஸ்வீனி டாட் அந்த வதந்திக்கு லண்டன் சட்டை போட்டு வந்தவன்.

இரண்டு நகரத்துக் கதையிலும் கொலைகாரன் யார் என்று பாருங்கள். பிரபு இல்லை, வட்டிக்கடைக்காரர் இல்லை, வக்கீல் இல்லை. சவரம் செய்கிறவனும் மலிவு விலைக்குச் சாப்பாடு விற்கிறவளும்தான். யாருடைய கையில் நம் கழுத்தையும் வயிற்றையும் ஒப்படைத்துவிட்டு, அதற்குக் குறைந்த கூலி கொடுத்து, மதிப்பும் கொடுக்காமல் நடக்கிறோமோ, அவன் திருப்பிச் செய்துவிடுவானோ என்ற பயம் நமக்கு உள்ளூர இருக்கிறது. அந்தப் பயத்துக்குத்தான் இப்படி வேஷம் கட்டி ஆடவிடுகிறார்கள்.

“படத்தில் அவன் பாவம் தாத்தா, நீதிபதி அவன் குடும்பத்தைக் கெடுத்தான், அதற்குப் பழி வாங்குகிறான்” என்றான் பேரன். சரி. அந்தப் பழிவாங்கும் காரணம் 1970-களில் ஒரு நாடக ஆசிரியர் சேர்த்தது. பழைய தொடரில் வெறும் பணத்தாசைதான். காரணம் மாறியது, கத்தி மட்டும் அதே கையில் இருக்கிறது.

இது சீமைக் கதை, நமக்கென்ன என்று விடவும் முடியாது. 2002-இல் வந்த ‘ரன்’ படத்தில் விவேக் மலிவு விலைக்குப் பிரியாணி சாப்பிடுவார். பிறகுதான் அது காக்காய்க் கறி என்று தெரியும். நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். ஆனால் அன்று முதல் தள்ளுவண்டிப் பிரியாணிக்காரன் எவனும் அந்தக் கேலியிலிருந்து தப்பவில்லை. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியைப் பிடித்தார்கள். நாய்க்கறி என்று ஒரே நாளில் ஊரெல்லாம் பரவியது. ஆட்டுக்கு இவ்வளவு நீள வால் உண்டா என்று ஆளாளுக்கு ஆராய்ச்சி. சில நாள் கழித்துக் கால்நடை மருத்துவக் கல்லூரிச் சோதனையில் அது ஆட்டிறைச்சிதான் என்று முடிவு வந்தது. வதந்தி போன வேகத்தில் அந்த முடிவு போகவில்லை. நடுவில் கறிக்கடைக்காரர்களும் சின்னப் பிரியாணிக் கடைக்காரர்களும் இழந்த வியாபாரத்தை யார் திருப்பிக் கொடுத்தது?

நாவிதர் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் நான் பணிப்பதிவேடுகள் பார்த்த பிரிவில் இருந்தேன். சாதிச் சான்றிதழில் ‘மருத்துவர்’ என்று இருப்பதைப் பார்த்து, “இவங்க அப்பா டாக்டரா?” என்று கிண்டல் செய்த சக ஊழியர்களை எனக்குத் தெரியும். கிண்டலுக்கு இடமே இல்லை. கட்டிக்குக் கத்தி வைத்தவரும், காயத்துக்குப் பச்சிலை கட்டியவரும் அவர்கள் வீட்டு ஆண்கள். பிரசவம் பார்த்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். மருத்துவச்சி என்ற சொல்லே அவர்களுடையது. மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தங்களைத் தரையில் ஏந்திய கை யாருடையது என்று சொல்வார்கள். கல்யாணத்துக்கும் வேண்டும், கருமாதிக்கும் வேண்டும். ஆனால் சாதிப் பெயரை மட்டும் வசவாக வைத்துக்கொண்டோம். 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் சலூன்கள் மூடிக் கிடந்தபோது எங்கள் தெருமுனைக்காரர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நானும் கேட்கவில்லை. திறந்த பிறகு போய் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

தொழில் செய்கிறவன் கொலை செய்வதே இல்லையா என்று கேட்பீர்கள். செய்கிறான். ஆனால் அவன் கையில் கத்தி இருப்பதில்லை. 1972-இல் சென்னையில் குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்திருந்தது. பதினைந்து குழந்தைகள் இறந்தார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, 2025-இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். அதே இரசாயனம், நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதது 48 பங்குக்கு மேல் இருந்தது. நடுவில் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலி.

சாராயம் காய்ச்சுகிறவனுக்காவது போலீஸ் பயம் உண்டு. மருந்துக்கோ உரிமம் உண்டு, பேரேடு உண்டு, முத்திரை உண்டு. கிளார்க்காக இருந்தவன் என்பதால் இது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. ஒவ்வொரு காகிதத்திலும் யாரோ ஒருவர் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னைப் போன்ற ஒருவர்.

பழைய காலத்துத் திகில் படம் எடுக்க ஆசைப்படும் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1972 சென்னையை எடுங்கள். ரத்தம் வேண்டியதில்லை. ஒரு பாட்டில், ஒரு ஸ்பூன், ‘குடிச்சிடு கண்ணு’ என்று சொல்லும் ஒரு அம்மா போதும். யாருக்குப் பயப்பட வேண்டுமோ அவருக்குப் பயப்படப் பார்ப்பவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பேரன் தனியாகவே சலூனுக்குப் போனான். தாடியை டிரிம்மர் வேண்டாம், கத்தியாலேயே எடுத்துவிடுங்கள் என்றானாம். அன்று சாயங்காலம் சலூன்காரரைப் பார்த்தபோது அவர்தான் என்னிடம் சொன்னார்: “தம்பி கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்துச்சு சார். பாதியில தூங்கியே போச்சு.”