கடன் தீர்ந்தது, கணக்குத் தீர்ந்ததா?

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காலத்திலே வங்கிக் கடன் இன்றுபோல் பெருகியிருக்குமாயின், ‘வாங்கிய கடனை முன்கூட்டியே கொடுத்துப் பார்’ என மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. கடன் வாங்குவது அரிது என்பதை நாம் அறிவோம். கொடுப்பதும் ஒரு வித்தைதான் என்பதை எனக்கு அறிவித்தவர் பதுளை நகரிலே ஆசிரியத் தொழில் புரியும் நண்பர் ஒருவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கையிலே கோப்பு ஒன்றுடன் அவர் என் வீட்டுக்கு வந்தார். முகத்திலே களையில்லை. தேநீர் அருந்துமாறு சொன்னேன், கோப்பையைத் தொடவுமில்லை.

“அண்ணன், கடனை அடைக்கப் போய்க் குற்றவாளியாகி விட்டேன்” என்றார்.

“விளங்கச் சொல்லும், தம்பி” என்றேன்.

அவர் கதை இதுதான். பசறை வீதியிலே சிறு காணியொன்று வாங்கி, அதனை ஒரு நிதி நிறுவனத்துக்கு ஈடு வைத்து வீடு கட்டினார். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி நமது மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப்புள்ளிகள் உயர்த்தியது நினைவிருக்கும். மாறும் வட்டியிலே கடன் எடுத்திருந்தோர் பலருக்கு அதன்பின் தவணைப்பணம் ஏறிற்று. நண்பருக்கும் ஏறிற்று. கணவனும் மனைவியும் செலவைச் சுருக்கினர். மனைவி கட்டிய சீட்டு விழுந்ததும், வந்த பணத்தை வேறொன்றுக்கும் எடாமல் ஓர் இலட்சம் ரூபாவை அப்படியே கடனுக்குக் கட்டினர். இனிக் கடன் இறங்கும் என்ற நம்பிக்கையுடன் ஆறு மாதம் கழிந்தது. பின்னர் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், முதலிலே ஒரு சதமேனும் அந்த இலட்சத்தால் குறையவில்லை. பணம் ‘முற்பணத் தவணை’ என்று ஒரு புறத்தே வைக்கப்பட்டிருந்தது. மாதந்தோறும் தவணை அதிலிருந்தே கழிந்தது. வட்டியோ பழைய முதலுக்கே ஏறியது. கேட்டதற்கு, “பணம் கட்டிய சீட்டிலே எதற்கென்று நீங்கள் எழுதவில்லையே, சேர்” என்று அலுவலர் பணிவாகவே விடை சொன்னாராம். இப்போது முதலிலே வரவு வைப்பதானால், ஒப்பந்தப்படி கட்டணம் ஒன்றும் உண்டாம்!

“என் பணத்தை நான் திருப்பிக் கொடுப்பதற்கு எனக்கே அபராதமா?” என்று நண்பர் கேட்டார். ‘உம் பணமன்று, தம்பி, அவர்கள் பணம்’ என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

வாசகர்களே, இதன் உட்பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். ஒருவர் 10 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 12 வீத வட்டிக்கு 15 ஆண்டுத் தவணையில் பெறுகின்றார் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 12,002 ரூபா வரும். முதல் மாதத்திலே 10,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலிலே கழிவது 2,002 ரூபா மாத்திரமே. ஓராண்டு முழுவதும் ஒழுங்காக 144,000 ரூபாவுக்குச் சற்று மேலாகக் கட்டிய பின்பும், முதல் குறைந்திருப்பது 25,400 ரூபா அளவே. 15 ஆண்டுகளிலும் அவர் கட்டும் மொத்தத் தொகை 21 இலட்சத்து 60,000 ரூபா. பத்துக்கு இருபத்தொன்று!

இப்போது அவர் முதலாண்டு முடிவிலே ஓர் இலட்சம் ரூபாவை மேலதிகமாகக் கட்டுகின்றார். அது முதலிலே வரவு வைக்கப்பட்டு, தவணைத் தொகையும் மாறாதிருப்பின், கடன் ஏறக்குறைய 37 மாதங்கள் முன்னதாகவே முடியும். மிஞ்சும் வட்டி 3 இலட்சத்து 40,000 ரூபாவுக்கு மேல். அதே இலட்சம் ‘முற்பணத் தவணை’ ஆயின், எட்டு மாதத்துக்குத் தவணை கட்டும் தொல்லை இல்லை, அவ்வளவே. ஒரே பணம், ஒரே நாள், ஒரே கருமபீடம். சீட்டிலே ‘முதலுக்கு’ என்று எழுதிய ஒரு சொல்லுக்கு விலை மூன்றேகால் இலட்சத்துக்கும் மேல்!

கட்டணத்தைப் பற்றியும் கோபமின்றி எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீண்ட காலத்துக்கு வட்டி வரும் என்று எதிர்பார்த்தே நிறுவனம் பணம் கொடுக்கின்றது. இடையிலே கடன் தீர்ந்தால் அந்த வருவாய் நின்று போகும். அதற்கு ஈடாகவே கட்டணம் கேட்பதாக அவர்கள் சொல்வர். அது நியாயமா அன்றா என்பது ஒரு வழக்கு. நமக்கு இலாபமா நட்டமா என்பது வேறொரு கணக்கு. மேற்சொன்ன எடுத்துக்காட்டிலே இலட்சத்துக்கு 3 வீதம் கட்டணம் என்றாலும் அது 3,000 ரூபாதான். மூன்று இலட்சத்தை மிச்சப்படுத்த மூவாயிரம் கொடுக்கலாம். ஆனால் கடைசி ஆண்டிலே நிலைமை மாறிவிடும். பன்னிரண்டு தவணை மாத்திரம் எஞ்சியிருக்கையில் முதல் 135,000 ரூபா அளவில் நிற்கும். இனி வரவேண்டிய வட்டியோ 9,000 ரூபாவுக்கும் குறைவு. அப்போது 5 வீதக் கட்டணம் கேட்டால் 6,750 ரூபா அதற்கே போய்விடும். எனவே மேலதிகப் பணம் கட்டுவோர் தொடக்க ஆண்டுகளிலே கட்டுக; இறுதி ஆண்டிலே அவசரப்படாது கணக்குப் பார்த்துக் கட்டுக.

இவற்றையெல்லாம் நான் எடுத்துரைத்தும் நண்பர் தெளிவு பெறவில்லை. அவரைத் தெளிவித்தவர் அவருடைய தாயார். அந்த அம்மையார் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். மறுநாள் மகன் வீட்டுக்கு நான் போனபோது, எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “துண்டு கேட்டு வாங்கினியா, ராசா?” என்று மகனைக் கேட்டார். பின் உள்ளே சென்று துருப்பிடித்த பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே ஆண்டுவாரியாகக் கயிறு கட்டிய சம்பளத் துண்டுகள்!

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலே லயத்துக் காம்பராவை விட்டு வெளியேறி, தோட்ட வீடமைப்புக் கடனில் அவரும் கணவரும் சிறு வீடொன்று கட்டினர். கடன் மாதந்தோறும் சம்பளத்திலே பிடிக்கப்பட்டது. எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, இன்னும் நிலுவை உண்டு என்று ஒருநாள் சொல்லப்பட்டதாம். அம்மையார் வாதாடவில்லை. தகரத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனார். பெரிய கிளாக்கர் முன்னிலையிலே ஒவ்வொரு துண்டாக எண்ணிக் காட்டினார். நிலுவை இல்லை என்று அன்றே எழுத்திலே பெற்றுக்கொண்டு திரும்பினார்.

“அது சரிம்மா, காணி உறுதி வந்ததா?” என்று கேட்டேன்.

“அது இன்னும் வரலீங்க, ஐயா. வரும்னுதான் இதைப் பத்திரமா வச்சிருக்கேன்” என்றார்.

அவர் வாயில் வந்த ‘துண்டு’ என்ற சொல் என்னைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. நம் மலையகத்தின் வரலாற்றிலே அச்சொல்லுக்குக் கசப்பான ஒரு பொருளும் உண்டு. தமிழகத்திலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பேரிலே கடனாக ஏறின. அவன் வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், ‘இன்ன தொகையைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தும். கடனோ தீராது, ஆளுடன் கூடவே புதிய தோட்டத்துக்குப் போகும். தன் பேரிலே எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதைக் கடன்பட்டவனே அறியான். 1921ஆம் ஆண்டிலே அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கணக்கு மற்றொருவர் கையிலே இருந்தால் கடனுக்கு முடிவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அன்று ஆளைக் கட்டிப் போட்டது துண்டு. இன்று அம்மையாரைக் காத்ததும் துண்டு. வேற்றுமை யாதெனில், இன்றைய துண்டு அவர் கையிலே இருந்தது.

உறுதி வராமைக்குரிய காரணமும் வரலாற்றிலே உண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் உடைமையாயின. 1992இல் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையதாகவே நின்றது. அதே ஆண்டிலே தோன்றிய பெருந்தோட்ட நிதியத்தின் வழியும், தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியும் குடும்பங்கள் 7 பேர்ச் நிலத்திலே கடனில் வீடு கட்டின. சுவர் அவர்களுடையது, கூரை அவர்களுடையது, கீழேயுள்ள மண்? கடனைக் கட்டி முடித்தும் உறுதி பெறாத குடும்பங்கள் பல. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிய பின்னரே, தனி வீடும் காணி உரிமையும் என்ற குரல் நாடெங்கும் உரக்கக் கேட்டது. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களிலே 4,000 வீடுகள் அமைக்கும் திட்டமும், 2017 மே மாதத்திலே நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும் தனி வீடு என்ற அந்த நோக்கத்துக்கு உதவுபவை. வீட்டுடன் உறுதியும் கைக்கு வரும் நாளே அவ்வீடு முழுமை பெறும் நாள்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய துன்பமன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே வீட்டுக்கடன் கொடுப்பவர் ஒருவர். தவணை வாங்கிக் கணக்கு வைப்பவர் மற்றொருவர். அந்தக் கணக்கு வைக்கும் உரிமையும் கைமாறி விற்கப்படும். கட்டிய பணம் வரவாகாமை, காரணமற்ற கட்டணம், தவறான பத்திரத்தைக் கொண்டு வீட்டைப் பறித்தல் என முறைப்பாடுகள் குவிந்தன. முடிவிலே 2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நாட்டின் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களுடனும் மத்திய அரசுடனும் 2,500 கோடி டொலர் அளவிலான உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. இந்தியாவிலோ அதே 2012 ஜூனிலே, மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனிமனிதர் முன்கூட்டித் தீர்த்தால் வங்கிகள் கட்டணம் அறவிடலாகாது என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது.

நாம் செய்யத்தக்கவை யாவை? கடன் பத்திரத்திலே கையொப்பமிடுமுன், முன்கூட்டித் தீர்த்தற்குரிய வாசகத்தைக் காட்டுமாறு கேட்க. விளங்காத மொழியிலே எழுதியிருப்பின் விளங்கும் மொழியிலே சொல்லக் கேட்க. மேலதிகமாகப் பணம் கட்டும்போது, ‘இது முதலைக் குறைப்பதற்கு, தவணைத் தொகை மாறாதிருக்க’ என்று கடிதம் எழுதி, பிரதியிலே முத்திரையும் திகதியும் பெறுக. அடுத்த மாதமே கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கி முதல் குறைந்துள்ளதா என்று பார்க்க. ஊழியர் சேமலாப நிதியை ஈடு காட்டிக் கடன் எடுத்தோர், தவறிய தவணை முதுமைக்கென வைத்த அந்நிதியிலிருந்தே கழியும் என்பதை மறவாதிருக்க. இறுதித் தவணை கட்டியதும் இனிப்புப் பங்கிடுமுன், ஈட்டிலிருந்து விடுவித்த பத்திரத்தைப் பெற்று, காணிப் பதிவகத்திலே பதிவித்து, மூல உறுதியையும் கையிலே வாங்கிக் கொள்க. நிறுவனம் செவி சாயாவிடின், முதலில் அதன் தலைமைப் பீடத்துக்கு எழுதுக. பின்னர் நிதி ஒம்புட்ஸ்மனிடமும், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்திடமும் முறையிடலாம்.

நண்பர் அவ்வாறே எழுதினார். இரண்டு மாதம் சென்றது. மூன்று கடிதங்கள் சென்றன. எஞ்சியிருந்த முற்பணம் முதலிலே வரவாயிற்று. கட்டணத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கழிந்த ஆறு மாத வட்டியும் திரும்பவில்லை. “பாதி வெற்றி, அண்ணன்” என்றார். “மீதிப் பாதி நீர் கற்ற பாடத்துக்கு வேதனம்” என்றேன். இம்முறை தேநீரை முழுவதும் அருந்தினார்.

மாணவர்களே, கூட்டுவட்டிக் கணக்கு பரீட்சைக்கு மாத்திரம் என்று எண்ணாதீர்கள். இன்று இரவு விளக்கடியிலே தந்தையாரின் கடன் புத்தகத்தையோ தாயாரின் சம்பளத் துண்டையோ எடுத்து வைத்து, எவ்வளவு வட்டி, எவ்வளவு முதல் என்று பிரித்துக் காட்டுங்கள். உங்கள் பாட்டனாருக்குத் தம் பேரிலிருந்த கடன் எவ்வளவு என்றே தெரியாது. தெரிந்துகொள்ளும் கல்வி உங்களிடம் இருக்கிறது.

நண்பர் வீட்டு அலுமாரியிலே இப்பொழுது புதிய பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கிறது. பழைய தகரத்துக்கு அருகிலேயே அதை வைத்திருக்கின்றார். பழையதிலே இன்னும் ஒரு காகிதத்துக்கு இடம் விட்டிருக்கின்றார் அந்த அம்மையார். அந்தக் காகிதம் விரைவிலே வந்து சேர்வதாக!