சாண்டோரினி: கட்டணம் மட்டும் போதாது

கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் குடியிருப்போர் சுமார் 15,000 பேர். 2024 ஜூலையில் ஒரே நாளில் சொகுசுக் கப்பல்களிலிருந்து அங்கு வந்து இறங்கியவர்கள் ஏறத்தாழ 11,000 பேர். அன்று ஊர்க்காரர்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு உள்ளூர் நிர்வாகத் தரப்பிலிருந்தே வேண்டுகோள் வந்தது. விருந்தாளிக்கு வழிவிட வீட்டுக்காரர் அறைக்குள் முடங்கிய கதைதான்.

2025-இல் இரண்டு ஏற்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்ற வரம்பு ஒன்று. உச்சப் பருவத்தில் தலைக்கு 20 யூரோ கட்டணம் மற்றொன்று. தீவைக் காக்கக்கூடியது முதலாவதுதான். பயணத்துக்கே பெருந்தொகை செலுத்தியவர் 20 யூரோவுக்காகத் திரும்பிப் போகமாட்டார். கட்டணத்தால் கஜானா நிறையும், சந்துகளில் நெரிசல் குறையாது. அந்த வருமானத்துக்குப் பழகிய அரசுக்குப் பிறகு எண்ணிக்கையைக் குறைக்கவும் மனம் வராது.

கப்பல் பயணிக்குப் படுக்கையும் சாப்பாடும் கப்பலிலேயே உண்டு. தீவில் அவருக்குக் கிடைப்பது சில மணி நேரம். பழைய துறைமுகத்திலிருந்து மலைமேல் உள்ள ஃபிரா நகருக்கு ஏற, கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சுமார் 600 படிகளை நடந்தோ கழுதை மேலோ கடக்க வேண்டும். நேரத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மிஞ்சிய பொழுதில் ஒரு காபி, ஒரு நினைவுப் பொருள். சுற்றுலாக்களைக் கப்பலிலேயே விற்றுவிடுவதால் அதிலும் கப்பல் நிறுவனத்துக்குப் பங்கு போகிறது. படகோட்டிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் பிழைப்பு இருப்பது உண்மை. ஆனால் பல இரவுகள் தங்கிச் செலவழிக்கும் பயணியை இந்த நெரிசல் விரட்டினால் நட்டம் அவர்களுக்கும்தான்.

கடலின் நிலை இன்னும் மோசம். தீவையொட்டி நீரில் மூழ்கிக் கிடக்கும் எரிமலை வாய் மிக ஆழமானது என்பதால், பெரும்பாலான கப்பல்கள் நங்கூரமிட முடியாமல் இயந்திரத்தை ஓட்டியபடியே நிற்கின்றன. பெருங்கப்பல்கள் அணையும் மேடை இல்லாததால் கரை மின்சாரத்துக்கும் வழியில்லை. 2025 மே முதல் மத்தியதரைக் கடலில் எரிபொருளின் கந்தக அளவு 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் புகையைக் கழுவும் கருவி பொருத்திய கப்பல் பழைய எரிபொருளையே எரிக்கலாம்; கழுவிய அமில நீர் பெரும்பாலும் கடலில் கலக்கிறது. 2007 ஏப்ரலில் பாறையில் மோதி மூழ்கிய ‘சீ டயமண்ட்’ கப்பலும் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

8,000 என்பதே குடிமக்களில் பாதிக்கு மேல். ஆண்டுதோறும் அதைக் குறைக்க வேண்டும். கப்பல்கள் ஒரே காலைப்பொழுதில் குவியாதபடி நேரம் ஒதுக்க வேண்டும். எரிமலை வாய்க்குள் கழுவுநீரை விடுவதற்கு முழுத் தடை தேவை. ஆறில்லாத அந்தத் தீவு கடல்நீரைக் குடிநீராக்கித்தான் சமாளிக்கிறது. வசூலாகும் பணத்தில் முதல் பங்கு அதற்கும் குப்பை அகற்றுவதற்கும் சேர வேண்டும்.