பிள்ளையை உள்ள கூப்பிடுங்கோ

ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகிற எங்கட பெண்கள், பஸ்ஸில் கேட்டால் "சொந்தக்காரர் வீட்டுக்கு" என்பினம். கல்யாணமாகாத பிள்ளைக்குச் சூலகத்தில் கட்டி என்றால் இரகசியம் இன்னும் இறுகும். டொக்டரோட அப்பாவும் மாமாவும் கதைப்பினம். பிள்ளை வெளியில வாங்கில் இருக்கும்.

சூலகக் கட்டிகளில் 'போடர்லைன்' என்றொரு வகை இருக்கு. சாதாரணக் கட்டியுமில்லை, முழுப் புற்றுநோயுமில்லை. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கே வருது. ஆரம்பத்தில் பிடிபட்டால் 5 வருடத்துக்குப் பிறகும் 100இல் 95 பேருக்கு மேல் உயிரோட இருக்கினம். சத்திரசிகிச்சைதான் முக்கிய வைத்தியம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தச் சூலகத்தையும் குழாயையும் எடுத்து, மற்றதையும் கருப்பையையும் விடலாம். பிறகு பிள்ளையும் பெறலாம். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்புக் கூட. ஆனால் அதுவும் பெரும்பாலும் அதே வகைதான், மறுபடி எடுக்கலாம்.

என்ன வகை என்பது வெட்டியெடுத்துப் பரிசோதித்த பிறகுதான் உறுதியாகும். அதால, எதை எடுக்கிறது எதை விடுறது என்ற கதை சத்திரசிகிச்சைக்கு முன்னமே நடக்கோணும். "எனக்குப் பிள்ளை வேணும்" என்றாலும் "எல்லாத்தையும் எடுங்கோ" என்றாலும் சொல்லவேண்டியது அவள்தான்.

பத்து வருடம் கழிச்சும் கட்டி திரும்பலாம். புருஷன் வீட்டுக்கு மறைச்சால் கிளினிக்கும் நின்றுபோகும். 2011இல் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டிச்சினம். அவ்வளவு தூரம் நடந்து வந்த உதவியை எங்கட வாய்மூடல் வீணாக்கக்கூடாது.